கர்ப்பிணியின் வெட்கமும் உயிரின் விலையும்

(மாதர் கூட்டமொன்றில் செய்த பிரசங்கத்தின் சாரம்)



இன்று நாம் பேசப்போகும் விஷயம் சிலருக்கு அருவருப்பாயிருக்கலாம். "சபையில் பேசக்கூடிய சங்கதியா இது?" என்று எழுந்து போகிறவர்களும் இருக்கலாம். தாராளமாய்ப் போகட்டும். ஆனால் போகுமுன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும். நாம் பிறந்த வழியைப் பற்றிப் பேசுவது கேவலமென்றால், நாம் பிறந்ததும் கேவலந்தானே?

ஒரு பெண் கர்ப்பமானால் ஏழாம் மாதத்தில் கை நிறைய வளையல் அடுக்குகின்றோம். சித்திரான்னம் செய்து ஊரைக் கூட்டுகின்றோம். நாள் பார்க்கின்றோம், திருஷ்டி கழிக்கின்றோம். ஆனால் "அம்மா, உனக்கு வெள்ளை படுகிறதா? அதன் நிறமென்ன? அரிப்புண்டா?" என்று கேட்க அந்த வீட்டில் ஓர் ஆள் இல்லை. புருஷனிடம் சொல்ல வெட்கம். மாமியாரிடம் சொல்லப் பயம். டாக்டரிடம் சொல்ல நாணம். இந்த நாணந்தான் பெண்ணுக்கு ஆபரணம் என்கிறார்கள். கழுத்தை நெரிக்கிற ஆபரணத்தைக் கழற்றி எறிய வேண்டாமா என்று கேட்கின்றோம்.

நமக்குத் தெரிந்த வீடொன்றில், எட்டாம் மாதக் கர்ப்பிணிக்குத் துணி நனைந்துகொண்டேயிருந்தது. சிறுநீர்தான் என்று நினைத்து அவள் வெட்கப்பட்டு மறைத்தாள். கண்டுகொண்ட மாமியார், "சூடு, இளநீர் குடி, சரியாய்ப் போகும்" என்றார். மூன்றாம் நாள் குளிர்காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரிக்குப் போனபோது, பனிக்குடம் முன்னமேயே உடைந்து கிருமி உள்ளே ஏறிவிட்டதென்று டாக்டர் சொன்னார். தாய் பிழைத்தாள், பிள்ளை பிழைக்கவில்லை. "விதி" என்று எல்லோரும் சொன்னார்கள். விதியா? இரண்டு நாள் வாய் திறவாததா?

இதே விதியை ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் சொன்னார்கள். வியன்னா நகரத்துப் பிரசவ ஆஸ்பத்திரியின் ஒரு பகுதியில், 1847-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் தாய்மாரில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் ஜன்னி கண்டு மாண்டார்கள். காற்றின் தோஷமென்றார்கள் பெரிய பெரிய வைத்தியர்கள். செம்மல்வைஸ் என்ற டாக்டர் ஒருவர் மட்டும், பிணத்தை அறுத்த கையோடு பிரசவம் பார்க்கின்றோமே, அதுதான் காரணமென்று கண்டு, குளோரின் கலந்த நீரில் கை கழுவச் செய்தார். ஜூன் மாதத்தில் சாவு நூற்றுக்கு இரண்டாய் இறங்கியது. விதி சோப்புக்கும் மருந்துத் தண்ணீருக்கும் பயப்படுமானால், அது என்ன விதி?

ஆகவே தாய்மார்களே, காரணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். முதலாவது, கர்ப்ப காலத்தில் வெள்ளை அதிகமாய்ப் படுவது இயற்கை. மெல்லியதாய், தெளிவாகவோ பால் போலவோ, கெட்ட வாடையும் அரிப்பும் இல்லாமல் இருந்தால் அது வியாதியல்ல. கிருமி மேலேறாதபடி உடம்பே செய்துகொள்ளும் காவல். மாதம் ஏற ஏற அதுவும் ஏறும். எலும்பு உருகி வெள்ளையாய் வருகிறதென்பது வெறும் புரளி. எலும்பு அப்படி உருகுவதில்லை. இதற்காக உள்ளே சோப்புப் போட்டுக் கழுவவும் கூடாது. அது காவலைக் கெடுத்துவிடும்.

இரண்டாவது, திரிந்த பால் போலக் கட்டி கட்டியாய் வந்து அரித்தால் அது ஒருவகைப் பூஞ்சை. சாம்பல் நிறமாய் மீன் கவிச்சி வீசினாலும், மஞ்சளாகவோ பச்சையாகவோ நுரைத்து வந்தாலும், சிறுநீர் கழிக்கையில் எரிந்தாலும் அவை கிருமியின் வேலையாயிருக்கலாம். இவையெல்லாம் மருந்துக்குக் கட்டுப்படுபவை. ஆனால் கடையில் தானே மாத்திரை வாங்கி விழுங்கக்கூடாது. கர்ப்பத்துக்கு ஆகாத மருந்துகளும் உண்டு. இவற்றுள் சில புருஷனிடமிருந்து ஒட்டுவன. அப்போது புருஷனும் மருந்து சாப்பிட வேண்டும். மனைவியை மட்டும் குற்றவாளியாக்கும் ஆண்பிள்ளைகள் இதைக் காதில் போட்டுக்கொள்ளட்டும்.

மூன்றாவது, ஒரு நிமிஷமும் தாமதிக்கக்கூடாதவை. எந்த மாதமானாலும் இரத்தம் பட்டால் போங்கள். நஞ்சு கீழே இறங்கியிருக்கலாம். வீட்டில் யாரையும் கைவிட்டுப் பார்க்க விடாதீர்கள், அதனாலேயே பெருக்கெடுக்கும். தண்ணீராய்க் கசிந்தாலும் கொட்டினாலும் போங்கள். அது பச்சையாயிருந்தால் பிள்ளைக்கு ஆபத்து இருக்கலாம். 37 வாரத்துக்கு முன் கோழை போல வந்து இடுப்பு வலித்தாலும் போங்கள். தீராத தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் திடீரென வீங்குதல், இவை இரத்த அழுத்தத்தின் எச்சரிக்கை. விட்டால் வலிப்பு வரும். பிள்ளையின் அசைவு குறைந்தாலும் போங்கள். 108-ஐக் கூப்பிட்டால் வண்டி வரும். நல்ல நேரம் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள்.

இரத்த சோகையையும் சொல்ல வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் இந்தியக் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 52 பேர் இரத்தம் குறைந்தவர்கள் என்று கண்டார்கள். சர்க்கார் இரும்பு மாத்திரையை இனாமாய்க் கொடுக்கிறது. நம்மவர்களோ பிள்ளை கறுத்துவிடுமென்று குப்பையில் போடுகிறார்கள். கறுப்பது மலம் மட்டுமே. அது இரும்பின் நிறம். பிள்ளையின் நிறம் தாய் தகப்பனிடமிருந்து வருவது. கறுத்த பிள்ளை பிறந்தால்தான் என்ன, மானம் போய்விடுமா?

தோழர்களே! ஆண்பிள்ளைகளுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. சீமந்தத்துக்குக் கடன் வாங்குகிறீர்கள். அதைவிட, மாதம் ஒருமுறை மனைவியோடு ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நில்லுங்கள். இன்றிரவே வீட்டில், "உனக்கு என்ன செய்கிறது?" என்று கேளுங்கள். கேட்டால் அவள் சொல்வாள். சொன்னால் பிழைப்பாள். இதற்கு மந்திரமும் வேண்டாம், சாஸ்திரமும் வேண்டாம். கேட்கிற காதும் கொஞ்சம் அறிவும் போதுமென்று சொல்லி முடித்துக்கொள்கின்றோம்.