பிறர் பதப்படுத்திய தரவும் நம் சரிபார்ப்பும்

 

நமது கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில், மூளைப் படங்களைக் கணிப்பொறியால் ஆராயும் துறையைப் பற்றிச் சில சொல்ல விழைகிறேன். இது நம் பிள்ளைகளுக்கு எட்டாக் கனி என்று எவரும் எண்ண வேண்டா.

மூளையின் ஒரு பகுதி செயற்படும்போது அங்கே குருதியோட்டம் மிகுந்து, உயிர்வளியின் அளவு மாறுகிறது. அம்மாற்றத்தைக் காந்தப் படத்தில் காணலாம் என்பதை 1990இல் செய்ஜி ஒகாவா எடுத்துக்காட்டினார். ஓய்ந்திருப்பவரின் மூளையிலும் இடப்புற, வலப்புற இயக்கப் பகுதிகள் ஒத்து ஏறி இறங்குவதை 1995இல் பரத் பிஸ்வாலும் அவர்தம் குழுவினரும் காட்டினர். இவ்வொத்திசைவே செயல்நிலைத் தொடர்பு எனப்படுவது.

எடுத்த படத்தை அப்படியே கணக்கிட இயலாது. தலையசைவைத் திருத்த வேண்டும். ஒவ்வொருவர் மூளையையும் பொது வரைபடத்தோடு பொருத்த வேண்டும். இப்பணியைச் செய்யும் 'எஃப்எம்ஆர்ஐபிரெப்' என்னும் மென்பொருள் பற்றிய கட்டுரை 2019இல் வெளிவந்தது. அதன் விளைவை ஏற்றுத் தொடர்புகளைக் கணக்கிட உதவுவது 'கான்' என்னும் மென்பொருள். சூசன் விட்ஃபீல்ட்-கேப்ரியலியும் அல்ஃபோன்சோ நியட்டோ-காஸ்டன்யோனும் அதனைப் பற்றி 2012இல் எழுதினர். இரண்டும் விலையின்றிக் கிடைப்பவை. 'ஓபன்நியூரோ' என்னும் பொதுக் களஞ்சியத்தில் படங்களும் விலையின்றிக் கிடைக்கின்றன.

இளைஞர்களே! பிறர் பதப்படுத்திய தரவைக் 'கான்' மென்பொருளில் ஏற்றுங்கால் நான்கு செய்திகளை மனத்திற் கொள்ளுங்கள்.

முதலாவது, செயற்படமும் உடற்கூற்றுப் படமும் ஒரே வரைபட வெளியில் அமைந்துள்ளனவா என்று கண்ணால் பாருங்கள். ஒன்று பொது வரைபடத்திலும் மற்றொன்று அவரவர் மூளை அளவிலும் இருப்பின், கணக்கு வரும், பொருள் வாராது.

இரண்டாவது, இரு படங்களுக்கு இடைப்பட்ட கால அளவைச் சரியாகக் குறியுங்கள். அது பிழைத்தால் அலைகளை வடிகட்டும் படி முழுவதும் பிழைபடும்.

மூன்றாவது, 'எஃப்எம்ஆர்ஐபிரெப்' படத்தை மென்மைப்படுத்துவதில்லை, இரைச்சலைக் கழிப்பதுமில்லை. தலையசைவு முதலிய இடையூறுகளின் அளவுகளை ஓர் அட்டவணையில் எழுதித் தருகிறது, அவ்வளவே. அவற்றுள் எவற்றைக் கழிப்பது என்று தேர்ந்து, 'கான்' மென்பொருளில் அப்பணியைச் செய்வது நம் கடமை. 'பதப்படுத்தியது' என்ற சொல்லை நம்பி இப்படியை விடலாகாது.

நான்காவது, கழித்தலுக்கு முன்னும் பின்னும் வரைபடங்களை ஒப்பிட்டு நோக்குங்கள். சிறு தலையசைவும், அருகிலுள்ள பகுதிகள் மிகுதியாகவும் தொலைவிலுள்ளவை குறைவாகவும் தொடர்புற்றிருப்பதுபோல் பொய்த்தோற்றம் தரும் என்பது 2012இல் தெளிவாயிற்று. பெரியவர்களைவிடச் சிறுவர் மிகுதியாக அசைவர். ஆதலின் அசைவின் வேறுபாட்டையே மூளையின் வேறுபாடு என்று எழுதிவிட நேரும்.

இந்நான்காவது செய்தி நமக்கு மிக இன்றியமையாதது. ஏனெனில், அளவுகளைக் காட்டி மனிதரைத் தாழ்த்திய வரலாறு இந்நாட்டில் உண்டு. 1901ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின் ஆணையராக இருந்த ஹெர்பர்ட் ரிஸ்லி, மூக்கின் அளவுக்கும் சாதியின் படிநிலைக்கும் தொடர்பு உண்டென்று வாதித்தார். அண்ணல் அம்பேத்கர் என்ன செய்தார்? அளவுகளைக் கண்டு அஞ்சி ஒதுங்கவில்லை. பிறர் திரட்டி வைத்த மூக்களவுகளையே எடுத்து ஆராய்ந்து, தீண்டத்தகாதார் தனி இனத்தவர் என்னும் கூற்றுக்கு அவை இடம் தரவில்லை என்று 1948இல் தம் நூலில் நிறுவினார். பிறர் தந்த தரவைத் தாமே சோதித்தறியும் துணிவுக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

நாளை மூளைப் படங்களைக் காட்டி, இக்கூட்டத்தார் இப்படிப்பட்டவர் என்று ஒருவர் கூறக்கூடும். அப்போது, "தலையசைவைக் கழித்தீரா? எவ்வாறு கழித்தீர்?" என்று கேட்கத் தெரிந்த ஒருவர் நம்மிடையே இருத்தல் வேண்டும். இரு பகுதிகள் ஒத்தசைவதனால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது என்று எடுத்துரைக்கவும் அவர் வல்லவராதல் வேண்டும்.

அதற்குக் கணிதமும், புள்ளியியலும், ஓரளவு ஆங்கிலமும், ஒரு கணிப்பொறியும், மிகுந்த பொறுமையும் தேவை. கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகள் இருவர் மூவர் கூடி அமர்ந்து, களஞ்சியத்திலுள்ள ஒரு சிறு தொகுப்பை எடுத்து ஏற்றிப் பழகட்டும். சங்கத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில், அளக்கப்படுவோராக மட்டும் இருந்த நாம் அளப்போராகவும் ஆவோமாக!