முதல் நாற்று: புத்தொழிலில் முதற்பொருள் ஆக்கம்



புதிதாகத் தொழில் தொடங்குவோர் தம் முதற்பொருளை எவ்வாறு ஆக்க வேண்டும் என்பதே இன்று நமக்கு வகுக்கப்பட்டுள்ள பேச்சுப்பொருள். மொழி வளர்க்கும் மன்றத்தின் மேடையில் வணிகப் பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். இத்துறையில் பலர் பணத்தை இழப்பதற்கு ஒரு சொல்லைப் பிழையாக விளங்கிக்கொண்டதும் ஒரு காரணம் என்பது நம் கருத்து. ஆதலின் சொல்லிலிருந்தே தொடங்குவோம்.

'மினிமம் வயபிள் புரோடக்ட்' என்பது அச்சொல். 2001ஆம் ஆண்டில் பிராங்க் ராபின்சன் என்னும் அமெரிக்கர் இதனை ஆக்கினார். 2011இல் எரிக் ரீஸ் எழுதிய 'தி லீன் ஸ்டார்ட்அப்' என்னும் நூலின் வழியாக இது உலகெங்கும் பரவிற்று. தமிழில் இதனைக் 'குறைந்தபட்சச் சாத்தியப் பொருள்' என்று பெயர்ப்போர் உளர். அப்பெயர்ப்பில் முதற்சொல் வந்துவிட்டது. நடுச்சொல்லின் உயிர் வரவில்லை. 'வயபிள்' என்பது வாழ்வு எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லினின்று பிறந்தது. பிழைத்து வாழவல்லது என்பதே அதன் பொருள். விதையைப் பற்றிப் பேசுங்கால் இதே பண்பை நாம் முளைதிறன் என்கிறோம். எவ்வளவு சிறியதாயினும் அது முளைக்க வேண்டும். இவ்வுரையில் அதனை 'நாற்றுப்பொருள்' என்று வழங்குவோம். இதனினும் நல்ல சொல்லை மாணவர் ஆக்கித் தருவாராயின் மகிழ்ந்து ஏற்போம்.

முளைதிறன் என்றால் என்னவென்று லுக்குட் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தோர்க்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. பால்மரக் கொட்டையைக் கல்லில் தேய்த்துத் தோழன் கையில் சூடு வைத்த தலைமுறை இன்னும் இவ்வவையில் அமர்ந்திருக்கிறது. அக்கொட்டை சில வாரங்களிலேயே முளைதிறனை இழந்துவிடும். 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டுசென்ற ஏறத்தாழ 70,000 விதைகளுள் முளைத்தவை மூவாயிரத்திற்கும் குறைவே. மறு ஆண்டில் 22 நாற்றுகள் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்திற்கு, தமிழர் பூமலை என்றழைத்த அவ்விடத்திற்கு, வந்து சேர்ந்தன.

1888இல் அத்தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லியின் முன் நின்ற பெரிய வினா ஒன்று உண்டு. இம்மரத்தை மீண்டும் மீண்டும் வெட்டினாலும் அது சாகாமல் பால் தருமா? பிரேசிலில் கைக்கோடரியால் கொத்திப் பாலெடுத்தனர்; மரம் நலிந்தது. ரிட்லி தம் தோட்டத்து மரங்களிலேயே ஆய்ந்து, பட்டையை மெல்லியதாகச் சீவி, முன்னைய காயத்தின் விளிம்பையே திரும்பத் திறக்கும் முறையைக் கண்டார். காப்பி பயிரிட்டு வந்த துரைமார் அவரைப் பித்தர் என்று எள்ளினர். அவரோ விதைகளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு காண்போர்க்கெல்லாம் வழங்கிவந்தார். 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் ஏறத்தாழ 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். ஆயிரக்கணக்கான ஏக்கர் என்பது அதற்குப் பின்னரே. ஒரு வினாவிற்குச் சில மரங்களில் கிடைத்த விடையின்மேல் எழுந்த தொழிலுக்குத்தான் நம் பாட்டன்மார் கப்பலேறி வந்து உளி பிடித்தனர். அதன் இலாபம் எவரிடம் சேர்ந்தது என்பது வேறோர் உரைக்குரிய பொருள்.

இன்று அத்தோட்டங்கள் பெரும்பாலும் செம்பனை ஆகிவிட்டன. லயங்களில் வாழ்ந்தோர் தாமான்களில் குடியேறினர். அவர்தம் பிள்ளைகள் சொந்தத் தொழில் தொடங்க விழைகின்றனர், மகிழத்தக்க செய்தி. தொடங்கும் முறைதான் அச்சம் தருகிறது. முதலில் கடைக்கு முன்பணம், அடுத்துப் பெயர்ப்பலகை, குளிர்சாதனம், கைப்பேசிச் செயலி, திறப்பு விழா. பணம் வருவது தந்தையின் ஊழியர் சேமநிதியிலிருந்தும் தாயின் கழுத்திலிருந்தும். இப்பொருளை வாங்குவோர் இவ்வூரில் இல்லை என்பது ஆறாம் மாதத்தில் தெரியவருகிறது. அதைத் தொடக்கத்திலேயே ஒரு நாற்றுப்பொருளைக் கொண்டு கேட்டிருக்கலாம். சேமநிதி என்பது முப்பதாண்டு விடியற்காலைப் பெரட்டுகளின் கூலி அன்றோ?

ஆயினும் கேட்பது எளிதன்று. உண்மையான விடையைப் பெறுவது அதனினும் அரிது. இதற்குக் கோயம்புத்தூர் அருணாச்சலம் முருகானந்தத்தின் வரலாற்றைப் போல் தெளிவான சான்று தமிழர் நடுவில் வேறு இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

கைத்தறி நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அவர், தந்தை மறைந்தபின் பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திப் பட்டறை வேலைக்குச் சென்றவர். 1998இல் மணம் புரிந்தார். மனைவி மாதவிலக்கு நாட்களில் பழந்துணியை மறைத்து எடுத்துச் செல்வதைக் கண்டார். கடையில் அணையாடை வாங்கினால் வீட்டுப் பால் செலவைக் குறைக்க வேண்டியிருக்கும் என்று அவ்வம்மையார் கூறினார். கடையில் விற்ற அணையாடையைக் கையிலேந்திப் பார்த்த முருகானந்தத்திற்கு ஒரு கணக்கு உதித்தது. அதிலுள்ள பஞ்சின் மதிப்பு 10 காசு. விலையோ 4 ரூபாய். பஞ்சை அடைத்துத் தாமே ஒன்றைச் செய்து மனைவியிடம் தந்தார். அது பயன்படவில்லை. ஆலைகளில் அணையாடைக்கு வழங்குவது பருத்திப் பஞ்சன்று, மரக்கூழின் நார் என்பதை அறிய அவருக்கு இரண்டாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

நாம் சிறப்பாக நோக்க வேண்டியது இடையில் நிகழ்ந்த ஒன்றை. ஒருவரிடம் மட்டும் கேட்டால் மாதம் ஒரு விடையே கிடைக்கும். ஆகவே அவர் மருத்துவக் கல்லூரி மாணவியர் இருபதுபேரை இணங்கச் செய்து, அணையாடையுடன் கருத்துப் படிவத்தையும் கொடுத்தார். படிவங்களைத் திரும்பப் பெறச் சென்ற நாளில், மூன்று மாணவியர் அமர்ந்து எல்லாப் படிவங்களையும் தாமே நிரப்பிக்கொண்டிருக்கக் கண்டார்! அம்மாணவியரைக் குறை கூறுவதற்கில்லை. பேசவே கூசிய பொருளைப் பற்றி அயலான் ஒருவன் வினவினால் எவர்தாம் மெய் எழுதுவர்? படிவம் நிறைந்திருந்தது, விடை இல்லை. அதன்பின் அவர் காற்பந்தின் உட்பையில் ஆட்டுக் குருதியை நிரப்பித் தம் உடலிலேயே கட்டிக்கொண்டு நடந்தும் மிதிவண்டி ஓட்டியும் சோதித்தார். ஊரார் அவரை வெறுத்தனர். மனைவியும் தாயும் சில காலம் பிரிந்து சென்றனர். இறுதியில் கோடிகளில் விலைபோகும் ஆலைக்கு மாற்றாக, மகளிர் குழுவினர் தாமே இயக்கவல்ல சிறு பொறியை அமைத்தார். 2016இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிற்று. விருதைவிட, அந்தப் போலிப் படிவங்களை விடையென்று ஏற்க மறுத்த நேர்மையே நம்மை வியக்கவைக்கிறது. ஏற்றிருந்தால் பஞ்சு அடைத்த பொருளையே ஆயிரக்கணக்கில் செய்து குவித்திருப்பார்.

நம்மிடையேயும் அத்தகைய படிவங்கள் உண்டு. அத்தை வீட்டிற்கு முறுக்கு கொண்டுபோனால் "நன்றாயிருக்கிறது தம்பி" என்பார். அது அன்பு, வணிகச் சான்றன்று. முன்பின் அறியாதவர் பணத்தைக் கொடுத்து வாங்குவதும், மறுவாரம் தாமே தேடி வருவதும் சான்று. சென்னையில் 2010இல் கிரீஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் தொடங்கிய பிரஷ்டெஸ்க் நிறுவனத்தின் முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவிலுள்ள ஆட்வெல் கல்லூரி என்பர். உறவினர் அல்லர், ஊரார் அல்லர். அந்நிறுவனம் பின்னர் பிரஷ்வொர்க்ஸ் எனப் பெயர் மாறி 2021இல் அமெரிக்க நாஸ்டாக் பங்குச்சந்தையில் இடம்பெற்றது.

இனி நம் ஊருக்கு வருவோம். வார இறுதிகளில் கோலாலம்பூரிலிருந்தும் சிரம்பானிலிருந்தும் போர்ட்டிக்சன் கடற்கரைக்குக் குடும்பங்கள் திரள்கின்றன. அவர்களுக்கு வீட்டுச் சமையல் பலகாரம் விற்கலாம் என்று லுக்குட் மாணவர் இருவர் எண்ணுவதாக வைத்துக்கொள்வோம். முதலில் அவர்கள் ஒன்றைத் தேட வேண்டும். எந்த ஐயம் மெய்யானால் இத்தொழில் முழுவதும் கவிழுமோ, அது எது? முறுக்கு சுடத் தெரியுமா என்பதன்று, பாட்டிக்குத் தெரியும். செயலி எழுத முடியுமா என்பதுமன்று. அறியாதவர் வீட்டு அடுக்களையில் செய்ததைச் சுற்றுலா வந்தவர் காசு கொடுத்து வாங்குவாரா என்பதே அந்த ஐயம். அதற்குச் செயலி வேண்டா. சனிக்கிழமைதோறும் பத்துப் பொட்டலம், பொட்டலத்தின்மேல் பெயரும் தொலைபேசி எண்ணும், கணக்கெழுத ஒரு 555 குறிப்பேடு. தெலுக் கெமாங் கடற்கரைப் பக்கம் மூன்று சனிக்கிழமை சென்றுவந்தால் விடை தெரிந்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சிறிதாகத் தொடங்குக என்றால் அரைவேக்காடாகச் செய்க என்று கொள்வோர் உளர். நமுத்துப்போன முறுக்கைப் பத்துப் பொட்டலம் கட்டி, எவரும் வாங்கவில்லை என்று சலிப்பது சோதனையாகாது. எண்ணிக்கையிலும் வகையிலும் குறைக்கலாம். சுவையிலும் தூய்மையிலும் கைவைத்தால் முளைதிறன் போய்விடும். இந்நாட்டில் உணவைக் கையாள்வோர் அதற்குரிய பயிற்சியும் டைபாய்டு தடுப்பூசியும் பெற்றிருத்தல் சட்டம். தொடங்கிய 30 நாளுக்குள் வணிகத்தைப் பதிவு செய்தலும் சட்டம். பத்துப் பொட்டலம்தானே என்று இவற்றைத் தள்ளிவைத்தல் ஆகாது.

முப்பது பொட்டலங்களுள் எத்தனை விற்றால் தொடர்வது, எத்தனைக்குக் குறைந்தால் நிறுத்துவது என்பதை அடுப்பு மூட்டுமுன்னரே அந்த ஏட்டின் முதற்பக்கத்தில் எழுதிவிட வேண்டும். விற்றபின் எழுதப் புகுந்தால், ஆசையுற்ற கை அந்த எண்ணைத் தானே குறைத்தெழுதும். தொலைபேசியில் அழைத்து மறுமுறை கேட்டோர் எத்தனை பேர் என்பது இரண்டாம் பக்கத்திற்கு. வாங்காது சென்றோர் சொன்ன காரணம், சொன்னவாறே, மூன்றாம் பக்கத்திற்கு. அப்பக்கம்தான் விரைவில் நிறையும். ஆளுக்கொன்றாக அவ்வேட்டைக் கொண்டுவந்துள்ளோம். மாணவர் வாயிலருகே பெற்றுக்கொள்ளலாம்.