ஆற்றங்கரையில் ஆடும் மூன்று பெண்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில், சிவில் துறை முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



சிவில்காரன் மேடை ஏறினால் சிமென்ட் விலையைப் பற்றித்தான் பேசுவான் என்று நினைத்திருப்பீர்கள். இன்றைக்கு நான் சிலைகளைப் பற்றிப் பேசப்போகிறேன். பயப்படாதீங்க, அதிலேயும் கம்பி வரும்!

வேலை விஷயமாக ஜெர்மனியில் உள்ள ஹனோவர் நகருக்குப் போயிருந்தேன். ஒரு நாள் மாலை, லைனே ஆற்றங்கரையில் நடந்துகொண்டிருந்தபோது மூன்று பெண் சிலைகளைப் பார்த்தேன். ஆளைவிடப் பல மடங்கு பெரிய சிலைகள். பருத்த உடம்பு, சின்னத் தலை, மேலெல்லாம் பளிச்சென்ற வண்ணங்கள். ஆட்டத்தின் நடுவே அப்படியே நின்றுவிட்ட மாதிரி இருந்தார்கள். 'என்னடா இது, ஒரு அளவே இல்லாமல்!' என்று சிரித்துவிட்டேன்.

1974-இல் இவற்றை அங்கே நிறுத்தியபோது அந்த ஊர்க்காரர்கள் பலர் சிரிக்கக்கூட இல்லை, கொதித்தார்கள். பொதுப்பணத்தை இதற்கா செலவழிப்பது என்று சண்டை. இன்று அதே சிலைகள்தான் அந்த ஊரின் அடையாளம். சோஃபி, ஷார்லோட், கரோலின் என்று பெயரும் உண்டு. கரோலின் என்பது ஹனோவரில் பிறந்த வானியல் அறிஞர் கரோலின் ஹெர்ஷல் நினைவாக.

செய்தவர் நிக்கி டி சேன் ஃபால். 1930-இல் பிரான்சில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். 1953-இல் மனநிலை பாதிக்கப்பட்டு மருத்துவமனையில் இருந்தபோதுதான் தீவிரமாக ஓவியத்தில் இறங்கினார். 1961-இல் சுதைப்பூச்சுக்குள் வண்ணப் பைகளை மறைத்து வைத்துத் துப்பாக்கியால் சுட்டார். வண்ணம் பீறிட்டு வழிந்ததே ஓவியம் ஆயிற்று. அவ்வளவு கோபம் அவருக்குள் இருந்திருக்கிறது. 1965-இல், கர்ப்பிணியான ஒரு தோழியின் உருவம் மனதில் பட, இந்த ஆடும் பெண்களைச் செய்யத் தொடங்கினார். அவர்களுக்கு 'நானா' என்று பெயர். பிரெஞ்சுப் பேச்சுவழக்கில் 'பொண்ணு' என்கிற மாதிரி. நம் காதில்தான் அது 'நானா?' என்ற கேள்வியாக விழுகிறது!

இப்போது கம்பிக்கு வருகிறேன். இத்தாலியில் கபால்பியோ ஊருக்குப் பக்கத்தில் டாரட் தோட்டம் என்று ஒரு சிற்பத் தோட்டத்தை அவர் கட்டினார். இரும்புக் கம்பிகளை வளைத்து, வெல்டிங் செய்து, மேலே வலை போட்டு, கான்கிரீட்டைப் பீய்ச்சியடித்து, அதன்மேல் கண்ணாடியும் பீங்கான் ஓடுகளும் பதித்தார்கள். நாம் ஷாட்கிரீட் என்று சொல்கிறோமே, அந்த வகைதான். அங்கே 'பேரரசி' என்ற பிரம்மாண்டமான பெண் சிற்பத்துக்குள்ளேயே அவர் பல ஆண்டுகள் குடியிருந்தார். ஒரு மார்புக்குள் படுக்கையறை, இன்னொன்றுக்குள் சமையலறை! செலவுக்காகத் தன் பெயரில் வாசனைத் திரவியம் விற்றார். பாலியஸ்டர் புகை நுரையீரலைக் கெடுத்தது, மூட்டுவாதம் கைகளை முடக்கியது. எழுபதுகளின் இறுதியில் தொடங்கிய வேலை, 1998-இல்தான் தோட்டம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 2002-இல் அவர் காலமானார்.

வெளியே பார்த்தால் வண்ணமும் கும்மாளமும். உள்ளே வெயிட்டைத் தாங்குவது இரும்பு. இதைப் புரிந்துகொண்டபோது எனக்கு ஒரு பழைய விஷயம் உறுத்தியது.

ஜெர்மனி போவதற்குச் சில மாதங்கள் முன்பு, சைட் இன்ஜினியர் வேலைக்கு வந்த விண்ணப்பங்களை நான்தான் பார்த்தேன். நல்ல மதிப்பெண் பெற்ற ஒரு பெண்ணின் விண்ணப்பத்தை, 'ராத்திரி கான்கிரீட் போடணும், இந்தப் பொண்ணு எங்கே தாங்கும்' என்று ஒதுக்கி வைத்தேன். நேரில் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. பத்து மாடிக்கு லோடு கணக்குப் போடத் தெரிந்த எனக்கு, ஒரு மனுஷி எவ்வளவு தாங்குவாள் என்று அவளையே கேட்கத் தோன்றவில்லை. திரும்பி வந்து போன் செய்தேன். "வேறு சைட்டில் சேர்ந்துவிட்டேன் சார், அடுத்த வாரம் ரூஃப் கான்கிரீட்" என்றார். மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை சார்" என்று சொல்லி வைத்துவிட்டார். நஷ்டம் எனக்குத்தான்.

இங்கே ஆளெடுக்கும் பொறுப்பில் பல நண்பர்கள் இருக்கிறீர்கள். கைகூப்பிக் கேட்கிறேன்: கூப்பிட்டுப் பேசிவிட்டு முடிவெடுங்கள். தங்கைகளே, சைட்டுக்கு யார் போகிறீர்கள் என்று கேட்கும்போது, 'நானா?' என்று தயங்காதீர்கள். 'நான்தான்' என்று சொல்லுங்கள்.