கல்லு வழுக்கினால் மாவு அரையாது

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், மாவு அரைத்து விற்கும் குழுவின் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எங்க குழு கடன் வாங்கி, பெரிய கிரைண்டர் போட்டு இட்லி மாவு விற்கிறோம். முதல் வருஷம் அரை மணியில் அரைபட்ட அரிசி, போகப்போக ஒரு மணி நேரம் ஆச்சு. கரண்ட் பில் ஏறுச்சு. மாவு சூடாகி சீக்கிரமே புளிச்சுப் போச்சு. மோட்டார் போயிடுச்சு, புது மெஷின் வாங்கலாம்னு தீர்மானமே எழுதிட்டோம்.

அன்னைக்கு எங்க குழுவில் மூத்த அக்கா கல்லுக்குள்ள கையை விட்டுத் தடவிப் பார்த்தாங்க. "மோட்டாருக்கு ஒண்ணுமில்ல. கல்லு கண்ணாடியாட்டம் வழுக்குது, கொத்தணும்"னாங்க.

விஷயம் இதுதான். கல்லின் மேல் சின்னச் சின்ன மேடு பள்ளம் இருக்கு. அதில் சிக்குற அரிசிதான் நொறுங்கும். மேடு தேஞ்சு வழவழன்னு ஆயிட்டா அரிசி நழுவி ஓடிடும், கல் சும்மா சுத்தும். அம்மி கொத்துறவர் உளியால் போடுற ஒவ்வொரு புள்ளியும் அந்தச் சொரசொரப்பைத் திரும்ப உண்டாக்குது. கூலி 300 ரூபாய்தான் ஆச்சு. தீர்மானத்தை ரத்து பண்ணிட்டோம்.

தேஞ்ச கல் எங்கே போச்சுன்னு கேளுங்க. மாவோடு நம்ம வயித்துக்குத்தான். கொத்தினதும் கல்தூள் அதிகம் உதிரும். குருணையும் தண்ணியும் விட்டு, நறநறப்பு நிக்கிற வரைக்கும் இரண்டு மூணு தடவை அரைச்சுக் கீழே கொட்டணும். நாங்க அவசரத்தில் ஒரு தடவையோடு நிறுத்தி, இட்லியில் பல் நறநறத்து, ஒரு வாடிக்கைக் கடையை இழந்தோம். வெறுங்கல்லையும் ஓட விடாதீங்க. கல்லோடு கல் உரசினால் வேகமாத் தேயும்.

அப்போ எல்லாத்துக்கும் சொரசொரப்பு நல்லதான்னா, இல்லை. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கின நம்ம திண்டுக்கல் பூட்டை எடுத்துக்குங்க. கையால் அரம் வைத்து ராவின புதுப் பூட்டில் சாவி இறுக்கமாத் திரும்பும். அரத்தின் கீறல்கள் உரசி உரசித் தேஞ்ச பிறகுதான் இளகும். ரொம்பத் தேஞ்சாலோ வேற சாவிக்கும் திறந்திடும். குழுப் பணப்பெட்டிக்கு அது ஆகுமா?

பூட்டுக்குள் தேங்காய் எண்ணெய் விடுற பழக்கம் நமக்கு உண்டு. அதில் தூசி ஒட்டி, அதுவே அரம் மாதிரி ராவும். பென்சில் முனையைச் சுரண்டி, அந்தக் கருப்புத் தூளைச் சாவியில் தடவித் திருப்புங்க. அது கிராஃபைட். ஏடு ஏடா நழுவும், தூசியைப் பிடிக்காது.

வீட்டுக்குப் போனதும் உங்க கிரைண்டர் கல்லையும் தடவிப் பாருங்க. பிளக்கை எடுத்துட்டுத்தான்!