வாயில்லா ஜீவன்களுக்கும் நம் ஸதகாவில் பங்கு
(ஆண்டுக் கூட்டத்தில் டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை)



பிராணிகள் நலனுக்குச் சிறு நிதி ஒதுக்குகிறோம் என்று நாங்கள் அறிவித்ததும், "ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கே போதாத பணம் நாய்க்கா?" என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஜகாத்திலிருந்து இதற்கு ஒரு பைசாவும் எடுக்க மாட்டோம். அதைப் பெறத் தகுதியுள்ள எட்டுப் பிரிவினர் யார் என்று குர்ஆனே வரையறுத்திருக்கிறது. இது பொது ஸதகாவிலிருந்து மட்டுமே.

தாகித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவரைப் பற்றிய ஹதீஸை நம் பிள்ளைகள் மக்தபில் ஓதுகிறார்கள். வெளியே வந்ததும் தெருநாய் மீது கல் எறிகிறார்கள். நாயின் எச்சில் நஜீஸ் என்பது வேறு, அதை அடிப்பது வேறு. இதைச் சொல்லித் தரவே வாரம் ஒரு பாடவேளை கேட்கிறோம். நாய் கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும், அன்றே அரசு மருத்துவமனைக்கு ஊசிக்குப் போக வேண்டும் என்பதும் அந்தப் பாடத்தில் உண்டு. மிளகாய்ப் பொடி வைத்துக் கட்டுவதெல்லாம் வேண்டாம். வெறிநோய் முற்றிவிட்டால் காப்பாற்ற மருந்து இல்லை.

1960ஆம் ஆண்டுச் சட்டப்படி 1962இல் அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியம், தன் அங்கீகாரம் பெற்ற அமைப்புகளுக்கு மானியம் தருகிறது. (அது சென்னையில்தான் தொடங்கியது, முதல் தலைவர் ருக்மிணி தேவி அருண்டேல்.) நம் டிரஸ்டுக்கு அந்த அங்கீகாரம் இல்லை. முதலில் சொந்தப் பணத்தில் செய்து, ரசீதுகளோடு கணக்கை ஒழுங்காக வைப்போம். பிறகு விண்ணப்பிக்கலாம்.

தண்ணீர்த் தொட்டி கேட்கும் தெருக்காரர்கள், தினமும் அதைக் கழுவி நிரப்பப் போவது யார் என்று பெயரோடு மனுக் கொடுங்கள். கழுவாத தொட்டியில் கொசுதான் வளரும். பெயரில்லாத மனுவை எடுக்க மாட்டோம்.