கைக்கணினியைப் புதுப்பிக்கும் முறை

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கருத்தரங்கில் ஆற்றப்பெற்ற உரை)

 

இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள், கைக்கணினியின் இயங்குதளத்தைப் புதுப்பித்தல் என்பதாகும். கல்விச் சங்கத்து மேடையில் இப்பொருளுக்கு என்ன வேலை என்று மூத்தவர்களில் சிலர் எண்ணக்கூடும். கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது இன்று கைப்பேசியில். தேர்வு நுழைவுச்சீட்டு வருவதும் அதில்தான். உதவித்தொகை வங்கியில் சேர்ந்த செய்தியும் அதிலேயே வருகிறது. சான்றிதழ்களை மின்வடிவில் வைத்துக்கொள்ள நடுவண் அரசு 2015ஆம் ஆண்டில் டிஜிலாக்கர் என்னும் ஏற்பாட்டைத் தொடங்கியது. அதனைத் திறப்பதற்கும் பெரும்பாலோர் கைப்பேசியையே நம்பியிருக்கின்றனர். ஆதலின், உள்ளங்கையில் அடங்கும் அக்கணினி வேண்டிய நாளில் இயங்காது போனால், ஒரு மாணவனின் ஓராண்டே வீணாகக்கூடும்.

இயங்குதளம் என்பது யாது? ஒரு பள்ளிக்கூடத்தை எண்ணிப் பாருங்கள். கட்டடம் மட்டும் இருந்தால் பள்ளி நடவாது. எந்த மணியில் எந்தப் பாடம், எந்த வகுப்புக்கு எந்த அறை, யார் உள்ளே வரலாம், யார் வரக்கூடாது என்னும் ஒழுங்கு வேண்டும். கைக்கணினியின் திரையும் சில்லும் கட்டடம் என்றால், அவ்வொழுங்கே இயங்குதளம். பாடத்திட்டம் மாறும்போது நாம் கட்டடத்தை இடிப்பதில்லை. அதுபோலவே, கருவியை மாற்றாமல் அதனுள் எழுதப்பட்டுள்ள ஒழுங்கை மட்டும் மாற்றுவதே புதுப்பித்தல் ஆகும். ஆயினும் எல்லாக் கருவியிலும் அவ்வாறு மாற்ற இயலுமா? இதற்கு விடை காணச் சிறிது வரலாறு அறிதல் வேண்டும்.

அமெரிக்காவில் பாம் நிறுவனம் 1996ஆம் ஆண்டில் பைலட் என்னும் கைக்கணினியை வெளியிட்டது. முகவரிகள், நாட்குறிப்பு, செய்ய வேண்டிய பணிகள் ஆகியவற்றை அதில் எழுதி வைக்கலாம். மேசைக் கணினியோடு இணைத்து இரண்டிலும் ஒரே செய்தி இருக்குமாறு செய்யலாம். அதன் முதல் மாதிரியின் நினைவகம் வெறும் 128 கிலோபைட்டு. இயங்குதளமோ ரோம் என்னும் சில்லில் பதிக்கப்பட்டிருந்தது. கல்வெட்டைப் போல அதனைப் படிக்கலாம், திருத்த இயலாது. 1997இல் புதிய பதிப்பு வந்தபோது, பழைய கருவி வைத்திருந்தவர்கள் உள்ளிருந்த நினைவக அட்டையையே கழற்றிவிட்டு வேறோர் அட்டையைப் பொருத்த வேண்டியிருந்தது.

1998இல் வெளிவந்த பாம் 3 இந்நிலையை மாற்றிற்று. அதில் இயங்குதளத்திற்கென 2 மெகாபைட்டு அளவுள்ள ஃபிளாஷ் நினைவகம் வைக்கப்பட்டது. மின்சாரம் நின்றாலும் அதிலுள்ள எழுத்து அழியாது. வேண்டும்போது முறைப்படி அழித்துவிட்டு மீண்டும் எழுதலாம். கல்வெட்டு இருந்த இடத்திற்குக் கரும்பலகை வந்தது எனலாம்.

எனினும் பின்னர் வந்த கருவிகள் அனைத்தும் இப்பேறு பெறவில்லை. 1999இல் வந்த பாம் 3இ, 2000ஆம் ஆண்டில் வந்த எம்100 போன்ற விலை குறைந்த மாதிரிகளில் மாற்ற இயலாத ரோமே வைக்கப்பட்டது. பாம் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான ஜெஃப் ஹாக்கின்ஸும், அவருடன் பணியாற்றிய டோனா டுபின்ஸ்கியும் வெளியேறித் தொடங்கிய ஹேண்ட்ஸ்பிரிங் நிறுவனத்தின் வைசர் கருவியும் அத்தகையதே. கடையில் கையிலெடுத்துப் பார்த்தவர்க்கு வேறுபாடு புலப்பட்டிராது. இரண்டும் ஒன்று போலவே இயங்கின. ஓரிரண்டு ஆண்டுகள் சென்று புதிய பதிப்பு வந்தபோதுதான் வேறுபாடு தெரிந்தது. ஒருவர் கருவி வளர்ந்தது. மற்றவர் கருவி வாங்கிய நாளிலேயே நின்றது. குறைந்த விலை கொடுத்தவரே நிறுத்தப்பட்டார் என்பதை நம் இளைஞர்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

இனி, புதுப்பிக்கும்போது நேரக்கூடிய இடரைக் காண்போம். பழைய பாம் கருவிகளில் உரியவர் எழுதி வைத்த செய்திகள் ரேம் என்னும் நிலையா நினைவகத்தில் இருந்தன. பேட்டரி முற்றும் தீர்ந்தால் அவை மறைந்துவிடும். இயங்குதளத்தை மாற்றி எழுதும்போதும் அவை துடைக்கப்பட்டன. ஆதலின் பயன்படுத்தியோர் ஒரு முறையைக் கைக்கொண்டனர். முதலில் மேசைக் கணினியோடு இணைத்து எல்லாவற்றுக்கும் நகல் எடுப்பர். அடுத்துப் புதிய பேட்டரி இடுவர். அதன்பின் புதிய இயங்குதளத்தை எழுதுவர். இறுதியில் நகலிலிருந்து செய்திகளை மீட்பர். எழுதுகின்ற வேளையில் மின்சாரம் அறுந்தால் பழையதும் இராது, புதியதும் இராது. கருவி பயனற்றுப் போகும். கால் நூற்றாண்டு கடந்தும் இவ்வரிசை மாறவில்லை. நகல் முன்னே, புதுப்பித்தல் பின்னே.

செய்தி வேறு, கருவி வேறு என்னும் இக்கருத்தை நம் நாட்டு அறிஞர்களும் தெளிவாகக் கண்டிருந்தனர். பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்து அறிஞர்களும் என்கோர் என்னும் மென்பொருள் நிறுவனத்தினரும் சேர்ந்து, எளியோர்க்காகச் சிம்ப்யூட்டர் என்னும் கைக்கணினியை வடிவமைத்தனர். அதன் இயங்குதளம் லினக்ஸ். எவரும் படிக்கவும் திருத்தவும் உரிமையுள்ளது. ஒரு கருவியை ஊரார் பலர் பகிர்ந்துகொள்ளலாம். ஒவ்வொருவரும் தம் செய்திகளைத் தமக்குரிய சிறு சில்லட்டையில் வைத்துக்கொள்ளலாம் என்பது அதன் திட்டம். அமிடா என்னும் பெயரில் 2004இல் விற்பனைக்கு வந்த அது எதிர்பார்த்த அளவு பரவவில்லை. ஆயினும், கருவி பொதுவாக இருந்தாலும் தன் செய்தி தன் கையில் இருக்க வேண்டும் என்ற அதன் அடிப்படை, ஒரே கைப்பேசியை அண்ணனும் தங்கையும் மாறி மாறிப் பயன்படுத்தும் நம் வீடுகளுக்கு இன்றும் பொருந்தும்.

இக்காலத்துக் கைப்பேசிக்கு வருவோம். 2016இல் வெளியான ஆண்ட்ராய்டு 7 ஒரு நல்ல ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. இயங்குதளத்திற்கு இரண்டு அறைகள். ஓர் அறையிலுள்ள தளம் பணியாற்றிக்கொண்டிருக்கும்போதே மற்ற அறையில் புதியது எழுதப்படும். புதியது சரியாக எழவில்லையானால் கருவி பழைய அறைக்கே திரும்பும். இவ்வமைப்புடைய கருவிகளில் முன்னிருந்த அச்சம் பெரிதும் குறைந்தது.

அச்சம் குறைந்த பின்னும் பலர் கருவி ஏன் புதுப்பிக்கப்படுவதில்லை? ஆண்ட்ராய்டைக் கூகிள் வெளியிட்டாலும், சில்லைச் செய்த நிறுவனம் அச்சில்லுக்குரிய இயக்கு நிரல்களைத் தர வேண்டும். கைப்பேசியைச் செய்த நிறுவனம் அவற்றை இணைத்துச் சோதித்து அனுப்ப வேண்டும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் புதியது நம் கைக்கு வாராது. புதிய கருவியை விற்பதில் வருவாய் உண்டு. பழையதைப் பேணுவதில் செலவே மிகுதி. மனமிருந்தால் வழியுண்டு என்பதற்கு நெதர்லாந்து நாட்டு ஃபேர்ஃபோன் நிறுவனம் சான்று. 2015இன் இறுதியில் ஆண்ட்ராய்டு 5 உடன் வந்த அதன் இரண்டாம் மாதிரிக்குச் சில் நிறுவனத்தின் ஆதரவு நின்ற பின்னரும், அந்நிறுவனம் தானே முயன்று ஆண்ட்ராய்டு 10 வரை வழங்கி, 2023 வரை பேணிற்று.

இப்போது பெரிய நிறுவனங்களும் வாக்களிக்கத் தொடங்கியுள்ளன. கூகிள் 2023இல் தன் பிக்சல் 8க்கும், சாம்சங் 2024இல் தன் கேலக்ஸி எஸ்24க்கும் 7 ஆண்டுப் புதுப்பிப்பை அறிவித்தன. ஆனால் அவை விலை மிக்க கருவிகள். ஐரோப்பிய ஒன்றியமோ இதனைச் சட்டமாக்கியது. 2025 ஜூன் 20 முதல் அங்குச் சந்தைக்கு வரும் கைப்பேசிகளுக்கு, அம்மாதிரி சந்தைக்கு வருவது நின்ற பின்னும் குறைந்தது 5 ஆண்டுகள் இயங்குதளப் புதுப்பிப்பு கிடைக்க வேண்டும். விலை மிக்கதை வாங்கியவர்க்கு ஒரு நீதி, மலிவானதை வாங்கியவர்க்கு மற்றொரு நீதி என்று அச்சட்டம் பிரிக்கவில்லை. நாமும் கேட்டுப் பெற வேண்டிய உரிமை இது.

புதுப்பிக்காவிட்டால் என்ன குறை என்று கேட்கலாம். குறை இருவகை. ஒன்று, காப்பு. 2015இல் ஆண்ட்ராய்டில் ஸ்டேஜ்ஃபிரைட் எனப்பட்ட ஓட்டை வெளிப்பட்டது. தீய நோக்குடன் அமைக்கப்பட்ட ஒரு படச்செய்தி வந்து சேர்வதாலேயே அயலான் கருவிக்குள் நுழைய அது வழி வைத்தது. அதன் பின்னரே மாதந்தோறும் காப்புத் திருத்தங்கள் வெளியிடும் வழக்கம் வந்தது. மற்றொன்று, விலக்கப்படுதல். 2025ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வாட்ஸப் செயலி, ஆண்ட்ராய்டு 4.4 உடைய கைப்பேசிகளுக்குத் தன் ஆதரவை நிறுத்திக்கொண்டது. கருவி பழுதாகவில்லை, திரை உடையவில்லை, ஆயினும் கதவு மூடிற்று.

ஆகவே, இளைஞர்களே, நடைமுறைக்கு நான்கு செய்திகள்.

முதலாவது, புதிதோ பழையதோ எதனை வாங்கினும், அமைப்புகள் பகுதிக்குச் சென்று, ஆண்ட்ராய்டு பதிப்பு எது, கடைசிக் காப்புத் திருத்தம் எந்நாளுடையது என்று பாருங்கள். அந்நாள் சில ஆண்டுகளுக்கு முந்தியதாயின், அக்கருவியில் வங்கிக் கணக்கைத் திறவாதிருப்பது நன்று.

இரண்டாவது, புதுப்பிக்குமுன் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், புகைப்படம், தொலைபேசி எண்கள் ஆகியவற்றின் நகலைக் கருவிக்கு வெளியே ஓரிடத்தில் வையுங்கள். கடவுச்சொல்லைத் தாளில் எழுதி வீட்டில் காப்பாக வையுங்கள்.

மூன்றாவது, பேட்டரியில் போதிய மின்சாரமும் நினைவகத்தில் போதிய இடமும் உள்ளனவா என்று பார்த்த பின்னரே தொடங்குங்கள். விண்ணப்பத்தின் கடைசி நாளன்றும் தேர்வுக்கு முந்திய இரவிலும் இவ்வேலையில் இறங்காதீர்கள்.

நான்காவது, காப்புத் திருத்தம் வேறு, புதுப்பதிப்பு வேறு என்று அறியுங்கள். திருத்தத்தைத் தள்ளிப்போடலாகாது. புதுப்பதிப்பை மட்டும் பழைய கருவி தாங்குமா என்று விசாரித்து ஏற்றலாம். புதுப்பிப்பினால் வேகம் குறைவதும் உண்டு. தேய்ந்த பேட்டரியுடைய ஐபோன்களின் வேகத்தைப் புதுப்பிப்பின் வழியாகக் குறைத்ததை ஆப்பிள் நிறுவனமே 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. அங்கே மருந்து புதிய பேட்டரியே. புதிய கைப்பேசி அன்று.

இவற்றை அறிந்தவர் ஊருக்கு ஒருவர் இருந்தால் போதாது. நம் படிப்பகத்தில் மாதம் ஒரு நாளை இதற்கென ஒதுக்குவோம். மேல் வகுப்பு மாணவ மாணவியர் அங்கே அமர்ந்து, வருவோரின் கருவியைப் பார்த்து, நகலெடுத்துக் கொடுத்து, புதுப்பிக்கும் வழியைக் கற்பிக்கட்டும். செய்து கொடுப்பதோடு நில்லாமல் செய்யக் கற்றுக்கொடுப்பதே இச்சங்கம் 25 ஆண்டுகளாக மேற்கொண்டு வந்த முறை. அம்முறை இதற்கும் பொருந்தும்.

எழுதியதை மாற்ற இயலாது என்று நமக்குப் பலரும் பல காலம் சொல்லி வந்தனர். தலையில் எழுதியது என்றனர். மனிதன் செய்த கருவியில், மாற்ற இயலாத எழுத்து என்பது அதனைச் செய்தவன் எடுத்த முடிவே என்பதை இன்று கண்டோம். மாற்றி எழுதத்தக்க கருவியைத் தேர்ந்தெடுப்போம். மாற்றி எழுதும் முறையைக் கற்போம். கற்றதை அடுத்தவர்க்கும் கற்பிப்போம்.