சிறுநீர்க் கோளாறும் நமது வெட்கமும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நம் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

வரவு செலவு அறிக்கைக்குப் பின் உடல்நலம் குறித்துச் சில நிமிடங்கள் பேசுமாறு நிர்வாகத்தார் பணித்தார்கள். மக்கள் வெளியே சொல்லத் தயங்கும் சிறுநீர் சம்பந்தமான நோய்களையே நாம் இன்று எடுத்துக்கொள்கிறோம். ஆண்டுக்கணக்கில் முதல் ஸஃப்பில் நின்ற முதியவர் சிலர் வயது ஏறியதும் ஜமாஅத்துக்கு வருவதை நிறுத்திவிடுகின்றனர். கேட்டால் முட்டுவலி என்பர். சிலருக்கு உண்மைக் காரணம் வேறு. சிறுநீர் சொட்டுகிறது, உடை அசுத்தமாகிவிடுமோ என்ற அச்சம் அவர்களை வீட்டிலேயே இருத்திவிடுகிறது.

அலீ (ரலி) அவர்களுக்கு இத்தகைய அந்தரங்கமான ஒரு சிரமம் இருந்தது. பெருமானாரின் மருமகன் என்ற முறையில் நேரில் கேட்க வெட்கப்பட்டு, மிக்தாத் (ரலி) அவர்களை அனுப்பிக் கேட்கச் செய்தார்கள் என ஹதீஸில் காண்கிறோம். வெட்கம் வந்தால் மகனையோ நண்பரையோ கொண்டு கேட்கலாம், கேட்காமலே இருந்துவிடலாகாது.

வெயிலும் கல்லும்

நம் கோவில்பட்டி வட்டாரம் கரிசல் காடு, வானம் பார்த்த பூமி. கோடையில் நம்மவர் தீப்பெட்டி ஆலையிலும், பட்டறையிலும், கடலை மிட்டாய் அடுப்பின் முன்னும் நாள் முழுதும் உழைக்கின்றனர். உடலின் நீர் வியர்வையாகப் போய்விட்டால் சிறுநீர் குறைந்து கெட்டியாகிறது. அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்தும் ஆக்ஸலேட்டும் படிகமாகி, நாளடைவில் கல்லாகின்றன.

இது நம் மாநிலத்து ஆராய்ச்சியாளர்கள் அளந்து கண்ட உண்மை. சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தார் தென்னிந்திய எஃகு ஆலை ஒன்றின் தொழிலாளர்களை ஆராய்ந்து 2020-ல் வெளியிட்ட அறிக்கையில், கல் உண்டாக வேறு காரணம் எதுவுமில்லாத 91 பேருக்கு ஸ்கேன் எடுத்தபோது, நூற்றுக்கு 27 பேருக்குச் சிறுநீரகத்தில் கல் இருந்தது. கல் இருந்தோரில் நூற்றுக்கு 84 பேர் அதிக வெப்பமுள்ள பகுதியில் வேலை செய்தவர்கள்.

ஆராய்ச்சி என்பது யாது?

ஒரு மருந்து குணமாக்கியதா, நோய் தானே தீர்ந்ததா என்பதை எவ்வாறு அறிவது? நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சிகிச்சை தந்து, மறு பிரிவுக்குத் தராமல் ஒப்பிட வேண்டும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மருத்துவ மேதை அர்ராஸீ அவர்கள், மூளைக் காய்ச்சலுக்கு இரத்தம் எடுக்கும் சிகிச்சையை இவ்விதமே ஒப்பிட்டுப் பார்த்ததாக எழுதி வைத்துள்ளார்கள். சிறுநீரகக் கல், சிறுநீர்ப்பைக் கல் குறித்துத் தனி நூலும் இயற்றியுள்ளார்கள். இன்று அம்முறை விரிவடைந்து, குலுக்கல் முறையில் பிரிவுகளைப் பிரிக்கின்றனர்.

அவ்வாறு நடந்த ஆய்வுகளின் முடிவுகளைக் கேளுங்கள். இத்தாலியில் முதன்முறை கல் வந்த 199 பேரை எடுத்து, பாதிப் பேரை மட்டும் நிறையத் தண்ணீர் குடிக்கச் செய்தனர். ஐந்தாண்டில் மீண்டும் கல் வந்தது, குடித்தவர்களில் நூற்றுக்கு 12 பேருக்கு. மற்றவர்களில் 27 பேருக்கு. 1996-ல் இது வெளியாயிற்று. நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் வெளியேறும் அளவுக்கு நீர் பருக வேண்டும் என்பது மருத்துவர்களின் அறிவுரை. சிறுநீர் வெளிறிய நிறத்தில் இருந்தால் அளவு போதுமென்று கொள்ளலாம். இருதய பலவீனமும் சிறுநீரகச் செயலிழப்பும் உள்ளோர் மருத்துவர் சொன்ன அளவை மீறக் கூடாது.

கல் என்றதும் பாலையும் மோரையும் நிறுத்திவிடுகிறோம். 2002-ல் வெளியான ஆய்வொன்று இதற்கு நேர்மாறானது. அடிக்கடி கல் வந்த 120 ஆண்களில் 60 பேருக்குச் சுண்ணாம்புச் சத்தைக் குறைத்தனர். மற்ற 60 பேருக்கு அதை வழக்கம்போல் கொடுத்து, உப்பையும் இறைச்சியையும் குறைத்தனர். ஐந்தாண்டில் முதற் பிரிவில் 23 பேருக்கும், இரண்டாம் பிரிவில் 12 பேருக்கும் மீண்டும் கல் வந்தது. ஆகவே குறைக்க வேண்டியவை கருவாடும், ஊறுகாயும், வாரம் பலமுறை பிரியாணியும்தாம்.

கல் வெளியேற மாத்திரை கேட்போர் உண்டு. இங்கிலாந்து முதலிய பகுதிகளில் 24 மருத்துவமனைகளில் 1,167 பேரிடம் நடந்து 2015-ல் வெளியான ஆய்வில், மாத்திரை உண்டோரிலும் வெற்று மாத்திரை உண்டோரிலும் நூற்றுக்கு 80 பேர் அளவில் நான்கு வாரத்துக்குள் வேறு சிகிச்சை தேவைப்படாமல் தேறினர். குழாயின் கீழ்ப்பகுதியில் சற்றுப் பெரிய கல் இருந்தால் மாத்திரை உதவலாம் எனப் பின்னர் தெரியவந்தது. எனவே ஸ்கேன் பார்த்து மருத்துவரே முடிவு செய்யட்டும். வாழைத்தண்டுச் சாறு குடிப்பதை நாம் தடுக்கவில்லை. அதை நம்பி ஸ்கேன் எடுக்காமல் மாதக்கணக்கில் இருந்தால், வலியே இல்லாமல் சிறுநீரகம் கெட்டுவிடக் கூடும்.

முதியோர் கவனத்திற்கு

ஐம்பது வயதுக்கு மேல் ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி பெருத்துச் சிறுநீர்ப் பாதையை நெருக்குகிறது. இரவில் பலமுறை எழுதல், முக்கிப் போதல், சொட்டுதல் இவற்றின் அடையாளம். அமெரிக்காவில் 3,047 ஆண்களைச் சராசரி நாலரை ஆண்டு தொடர்ந்து கவனித்து 2003-ல் வெளியிட்ட ஆய்வில், இருவகை மாத்திரைகளைச் சேர்த்துத் தந்தபோது நோய் முற்றும் அபாயம் நூற்றுக்கு 66 பங்கு குறைந்தது. இதே நோய்க்குப் புகழ்பெற்ற ‘சா பால்மெட்டோ’ என்னும் மூலிகையை 225 பேரிடம் ஓராண்டு சோதித்தனர். வெற்று மாத்திரையைவிட அது சிறப்பாக இல்லையென்று 2006-ல் அறிவித்தனர். விளம்பரம் பார்த்துத் தபாலில் மருந்து வாங்குவோர் சிந்திக்கவும்.

வலியின்றிச் சிறுநீரில் இரத்தம் வந்தால் ஒருபோதும் அலட்சியம் வேண்டாம். புற்றுநோயின் முதல் அறிகுறியாக அது இருக்கக்கூடும். கல் வலியுடன் குளிர்காய்ச்சல் வந்தாலும், சிறுநீர் அறவே அடைத்துக்கொண்டாலும், அன்றே மருத்துவமனைக்குச் செல்க.

தாய்மார்கள் கவனத்திற்கு

வேலைத்தலத்தில் கழிப்பிடம் இல்லாததால் காலை முதல் மாலை வரை நீரே அருந்தாத பெண்கள் நம்மிடையே உண்டு. அடிக்கடி நீர்க்கடுப்பு வந்த, குறைவாக நீர் அருந்தும் 140 பெண்களில் ஒரு பாதியினரை நாளும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடிக்கச் செய்து, 2018-ல் முடிவை வெளியிட்டனர். ஓராண்டில் அவர்களுக்குச் சராசரி 1.7 முறையும், மற்றவர்களுக்கு 3.2 முறையும் நோய் வந்தது. மருந்துக் கடையில் தாமாக இரண்டு மாத்திரை வாங்கி விழுங்கிப் பாதியில் நிறுத்துவதைக் கைவிடுங்கள்.

மார்க்கம் தரும் இலகு

மலஜலத்தை அடக்கிக்கொண்டு தொழுவதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். பள்ளியினுள் அறியாமல் சிறுநீர் கழித்த கிராமவாசியைத் தோழர்கள் அதட்டியபோது, இடையில் நிறுத்தாதீர்கள் என்று கூறி, பின் ஒரு வாளி நீர் ஊற்றச் செய்தார்கள். அத்தகைய கருணையுள்ள மார்க்கம் நோயாளியைப் பள்ளியிலிருந்து விரட்டாது. ஓயாது சொட்டும் நோயுள்ளவர், சுத்தம் செய்து துணியோ பஞ்சோ கட்டி, வக்து நுழைந்தபின் ஒளுச் செய்து தொழலாம். ஹனபி மத்ஹபில் அந்த ஒளு வக்து முடியும் வரை நிற்கும். ஷாபிஈ மத்ஹபில் ஒவ்வொரு பர்ளுக்கும் ஒளுச் செய்வர். குழாய் பொருத்தியவரும் தொழலாம். தம்மால் பள்ளி அசுத்தமாகும் என அஞ்சுவோர் நம்மைத் தனியே சந்திக்கவும். ரமளானில் கல் நோயாளிகள் முன்னதாகவே மருத்துவரைக் கேட்கட்டும். நோன்பு நோற்பவர் இஃப்தார் முதல் ஸஹர் வரை நீரைப் பகிர்ந்து பருகட்டும். நோன்பு தீங்கு தரும் என மருத்துவர் சொன்னால் நோயாளிக்குச் சலுகை உண்டு.

நிர்வாகத்தாருக்கு மூன்று வேண்டுகோள்: ஹவ்ளு அருகில் முதியோர் அமரத்தக்க கழிப்பிடம் ஒன்று வேண்டும். ஆண்டுக்கொரு முறை சிறுநீரகப் பரிசோதனை முகாம் நடத்த வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை பெற ஏழைகளுக்கு வழிகாட்ட வேண்டும். ஆலையும் கடையும் நடத்தும் செல்வந்தர்களே! உங்களிடம் உழைப்போருக்குக் குடிநீரும், பெண்களுக்குப் பூட்டுள்ள கழிப்பிடமும் தாருங்கள். அது அவர்களின் ஹக்கு.

ஒவ்வொரு நோய்க்கும் மருந்து உண்டென்பது நபிமொழி. அதைத் தேடுவது நம் கடமை. வீட்டிலேயே முடங்கிய பெரியோர் அடுத்த ஜும்ஆவில் மீண்டும் நம் ஸஃப்பில் நிற்க வல்ல ரஹ்மான் அருள்புரிவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.